கணையாழி முதல் தொடு அட்டை வரை: அறிமுகம் ஓர் அமானிதம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

சென்னையில் நம் சமுதாயத்தார் ஒன்றுகூடும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கத்தைக் காண்கிறோம். கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்து மண்டபங்களில் நடைபெறும் தொழில்முனைவோர் சந்திப்பாயினும், கல்வி வழிகாட்டி முகாமாயினும், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் இஃப்தார் நிகழ்ச்சியாயினும், இளைஞர்கள் விசிட்டிங் கார்டு நீட்டுவது குறைந்து வருகிறது. கழுத்துப் பட்டையில் தொங்கும் அட்டையில் ஒரு க்யூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறது. எதிரில் நிற்பவர் அதைத் தம் கைப்பேசியால் ஸ்கேன் செய்துகொள்கிறார். வேறு சிலரிடம் என்எஃப்சி சில்லு பதித்த அட்டையோ மோதிரமோ இருக்கிறது. அதைக் கைப்பேசியின் முதுகில் ஒரு முறை தொட்டால் போதும். பெயர், தொழில், தொலைபேசி எண், மின்னஞ்சல், கடையின் முகவரி அனைத்தும் மறு கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன.

பெரியவர்களில் சிலர் இதனை வீண் ஆடம்பரம் என்கின்றனர். இளைஞர்களோ இனி இதுவே வழி என்கின்றனர். இக்கருவி ஆகுமானதா என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மார்க்கம் தடுக்காத ஒரு பொருள் நற்காரியத்திற்குப் பயன்படுமாயின் அதில் குற்றமில்லை என்பது யாவரும் அறிந்த விதி. நாம் ஆராய வேண்டியது வேறொன்று. ஒரு மனிதர் மற்றொருவருக்கு அறிமுகமாகும்போது நம் முன்னோரிடையே எவையெல்லாம் கைமாறின? அவற்றுள் எவை இந்தச் சில்லுக்குள் அடங்குகின்றன? எவை அடங்காமல் வெளியே நின்றுவிடுகின்றன? இவ்வினாக்களுக்கு நம் வரலாற்றில் தெளிவான விடைகள் உள்ளன.

பெயரே முகவரியாக இருந்த காலம்

மனிதர்கள் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. அவ்வாறு அறிந்துகொள்வதற்கு அரபுகள் பெயரையே கருவியாக்கியிருந்தனர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் பெயரை எடுத்துக்கொள்வோம். அபூ அப்தில்லாஹ் முஹம்மது இப்னு இஸ்மாயீல் அல்புகாரீ. அபூ அப்தில்லாஹ் என்பது குன்யத்; அப்துல்லாஹ்வின் தந்தை என்று பொருள்படும். முஹம்மது என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். இப்னு இஸ்மாயீல் என்பதால் தந்தை யார் என்பது தெரிகிறது. அல்புகாரீ என்னும் நிஸ்பத்தால் ஊர் தெரிகிறது. இவரைப் பற்றி விசாரிக்க விரும்புபவர் எந்த ஊருக்குச் சென்று எந்தக் குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்பது பெயரிலேயே அடங்கிவிட்டது.

இம்மரபு தமிழகத்து ஆலிம்களிடம் இன்றும் உயிருடன் இருக்கிறது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் பாகவி என்றும், லால்பேட்டை மன்பஉல் அன்வாரில் ஓதியவர் மன்பஈ என்றும், சென்னை பெரம்பூர் ஜமாலியாவில் ஓதியவர் ஜமாலி என்றும், நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் ஓதியவர் மிஸ்பாஹி என்றும் அழைக்கப்படுகின்றனர். இரண்டு ஆலிம்கள் முதன்முதலாகச் சந்திக்கும்போது இந்த ஒரு சொல்லே போதும். எந்த ஆண்டில் ஸனது பெற்றீர்கள், எந்த உஸ்தாதிடம் ஓதினீர்கள் என்று பேச்சு தொடங்கிவிடும். சற்று நேரத்தில் இருவருக்கும் தெரிந்த மூன்றாமவர் ஒருவர் கிடைத்துவிடுவார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் பட்டங்கள் எதுவும் அந்த மனிதரை நேரடியாக அழைப்பதற்கான எண்ணைத் தருவதில்லை. அவரைப் பற்றிக் கேட்டறியும் வழியைத்தான் தருகின்றன. இன்றைய அட்டை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அவரை அழைப்பதற்கான எண் முதலிலேயே வந்துவிடுகிறது. அவரைப் பற்றி யாரிடம் கேட்பது என்பது மட்டும் தெரிவதில்லை.

வெள்ளிக் கணையாழி

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிற நாட்டு அரசர்களுக்கு இஸ்லாத்தின்பால் அழைத்துக் கடிதங்கள் எழுத நாடினார்கள். முத்திரையில்லாத கடிதத்தை அவ்வரசர்கள் ஏற்பதில்லை என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். அதன்பேரில் வெள்ளியால் ஒரு கணையாழி செய்யப்பட்டது. அதில் முஹம்மது, ரஸூல், அல்லாஹ் என்னும் மூன்று சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டன. பிற நாட்டாரின் நிர்வாக வழக்கமாயிற்றே என்று அதனை நபியவர்கள் (ஸல்) ஒதுக்கவில்லை. காரியத்திற்குத் தேவையானது என்று கண்டதும் ஏற்றுக்கொண்டார்கள். புதிய கருவிகளைக் கண்டு தயங்குவோருக்கு இதில் பாடமிருக்கிறது.

அதே நிகழ்ச்சியில் இரண்டாவது பாடமும் உண்டு. அந்த வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்று நபியவர்கள் (ஸல்) தடுத்தார்கள். ஒரு முத்திரை இருவரிடம் இருந்தால் அதன் மதிப்பு போய்விடும்; கடிதத்தைப் பெறுபவர் எதை நம்புவார்? அக்கணையாழி அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரிடம் இருந்து, பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்து அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாட்கள் நீரை இறைத்துத் தேடியும் கிடைக்கவில்லை என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஓர் அடையாளப் பொருளை எவ்வளவு பெரிய பொறுப்பாகக் கருதினர் என்பதற்கு இதுவே சான்று.

கடைவீதிக்கு வழி கேட்டவர்

மக்காவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் மதீனாவில் எவ்வாறு வேரூன்றினர்? நபியவர்கள் (ஸல்) முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் பெயர் சொல்லிச் சகோதரர்களாக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களும் அவ்வாறு இணைக்கப்பட்டனர். செல்வந்தரான ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காகப் பரக்கத் வேண்டிப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதி எங்கே என்று மட்டும் கேட்டார். கைனுகா கடைவீதிக்குச் சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டித் தம் வாழ்வை அமைத்துக்கொண்டார்.

சமுதாய ஒன்றுகூடல் எதற்காக என்பதை இந்நிகழ்ச்சி விளக்குகிறது. புதிதாக வந்தவருக்குப் பிழைக்கும் வழியைக் காட்டுவதே அதன் நோக்கம். தருபவர் தாராளமாக இருந்தார். பெறுபவர் தமக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொண்டார். ஒரு தொடுதலில் ஒருவருடைய எண், வீட்டு முகவரி, முகநூல் பக்கம், குடும்பப் படங்கள் வரை எடுத்துக்கொள்ள இயலும் இக்காலத்தில், பெறுபவரின் இந்த அடக்கம் நினைவில் நிற்க வேண்டும்.

முஹத்திஸ்கள் கேட்ட கேள்விகள்

ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆராய்ந்த அளவு வேறெவரும் ஆராய்ந்திருப்பார்களா என்பது ஐயமே. அவர்கள் வகுத்த விதிகளில் சில, அறிமுகம் என்னும் நம் பொருளுக்கு நேராகப் பொருந்துகின்றன.

முதலாவது, சந்திப்பு. இன்னாரிடமிருந்து என்று ஓர் அறிவிப்பாளர் சொன்னால் அதை ஏற்பதற்கு, அவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து, சந்திக்கும் வாய்ப்பும் இருந்தால் போதும் என்பது இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. இருவரும் சந்தித்தார்கள் என்பது உறுதியாக வேண்டும் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் நூலில் கடைப்பிடித்த கடுமை. ஒரே ஊரில் வாழ்வதற்கும் நேரில் கண்டு பேசுவதற்கும் இடையிலுள்ள தொலைவை அவ்வளவு நுணுக்கமாக எடைபோட்டனர்.

இரண்டாவது, பெற்ற முறை. ஹிஜ்ரி 643இல், அதாவது 1245இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் ஹதீஸைப் பெறும் முறைகளை எட்டாக வகுத்துள்ளார்கள். ஆசிரியர் வாயால் கேட்பது முதலிடத்தில் இருக்கிறது. ஆசிரியரே நூலைக் கையில் தருவது முனாவலா எனப்படும். கடிதத்தில் எழுதி அனுப்புவது முகாதபா. எட்டாவதாக, கடைசியில் இருப்பது விஜாதா. ஒருவர் எழுதிய ஏட்டை, அவரைக் காணாமலும் அவர் அனுமதியில்லாமலும் எங்கோ கண்டெடுப்பதற்கு அப்பெயர். அப்படிக் கண்டெடுத்தவர் அதை இன்னாரிடம் கேட்டேன் என்று சொல்லக் கூடாது. இன்னாரின் கையெழுத்தில் கண்டேன் என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தத்லீஸ். ஒருவரை அறிந்திருந்தும் அவரிடம் கேளாத செய்தியை, கேட்டது போலத் தோன்றும் சொல்லால் அறிவிப்பது தத்லீஸ் ஆகும். இவ்வாறு செய்பவரை முதல்லிஸ் என்று குறித்துவைத்து, நான் கேட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னாலன்றி ஏற்க மறுத்தனர். உங்கள் எண்ணை இன்ன ஹாஜியார்தான் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டு வரும் அழைப்புகளை நாம் அனைவரும் பெற்றிருக்கிறோம். ஹாஜியாரிடம் விசாரித்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. தத்லீஸ் என்றால் என்னவென்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை.

நான்காவது, மஜ்ஹூல். யாரென்று அறியப்படாத அறிவிப்பாளர் மஜ்ஹூல் எனப்படுவார். அறிவால் அறியப்பட்டோர் குறைந்தது இருவரேனும் ஒருவரிடமிருந்து அறிவித்தால்தான் அவர் யார் என்னும் அறியாமை நீங்கும் என்று கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். அப்போதும் அவர் நம்பகமானவர் என்பது தனியாக நிறுவப்பட வேண்டும்.

இதே கருத்தை அனைவருக்கும் புரியும்படி உணர்த்தும் செய்தியொன்று உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படுகிறது. ஒருவர் நல்லவர் என்று மற்றொருவர் சாட்சி சொல்ல வந்தார். நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்திருக்கிறீரா, அவரோடு பொற்காசும் வெள்ளிக்காசும் கொடுத்து வாங்கியிருக்கிறீரா என்று உமர் (ரலி) மூன்று கேள்விகள் கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அவர் பள்ளிவாசலில் குனிந்து நிமிர்வதை நீர் பார்த்திருப்பீர் போலும், அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறி அனுப்பிவிட்டார்கள். மண்டபத்தில் ஒரு மாலைப் பொழுதில் தேநீர்க் கோப்பையோடு ஒருவரைக் கண்டதும், அவர் எண் நம் கைப்பேசியில் இருப்பதும், அவரை அறிந்ததாக ஆகாது.

ஸலாமைச் சுமந்து சென்றவர்

இவ்விதிகள் ஏடுகளோடு நின்றுவிடவில்லை. பயணிகளும் வணிகர்களும் இவற்றின் உணர்வோடு உலகைச் சுற்றினர். 1325இல் தாஞ்சீரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, அலெக்சாந்திரியாவில் புர்ஹானுத்தீன் என்னும் பெரியவரைச் சந்தித்தார். பயண ஆர்வம் கொண்ட அந்த இளைஞரிடம் அப்பெரியவர், இந்தியாவில் ஃபரீதுத்தீன், சிந்துவில் ருக்னுத்தீன், சீனாவில் புர்ஹானுத்தீன் ஆகிய தம் சகோதரர்களைக் காண நேரும்போது ஸலாம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அந்த நாடுகளுக்குப் போகும் எண்ணமே அதுவரை தமக்கு இருந்ததில்லை என்றும், பின்னர் மூவரையும் சந்தித்து ஸலாமைச் சேர்ப்பித்ததாகவும் இப்னு பதூதா தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார்.

அவர் கையில் இருந்தவை மூன்று பெயர்களும் மூன்று நாடுகளும் மட்டுமே. ஆயினும் அவற்றுடன் ஸலாமும் சேர்ந்திருந்தது. பெற்றுக்கொண்ட முகவரியைப் பயன்படுத்துவதற்கு முன்னால் சேர்ப்பிக்க வேண்டிய ஒரு கடமை அதில் இருந்தது. இன்னார் உங்களுக்கு ஸலாம் சொன்னார் என்று தொடங்கும் அறிமுகத்தில், அனுப்பியவரும் மறைமுகமாக அவ்வறையில் அமர்ந்திருப்பார்.

இதே இப்னு பதூதா 1340களில் இலங்கையிலிருந்து நம் கரைக்கு வந்து, அப்போது மஅபர் எனப்பட்ட நாட்டின் தலைநகரான மதுரை வரை சென்றார். அங்கே ஆட்சி செய்த சுல்தான் கியாஸுத்தீனின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவிகளுள் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். அந்த உறவே அந்நியக் கரையில் அவருக்கு அறிமுகமாயிற்று.

கடல் கடந்த ஜமாஅத்

சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கிழக்கே மலாய்த் தீபகற்பம் வரை சென்றதை நாம் அறிவோம். அங்கே அவர்களைச் சூலியா என்று அழைத்தனர். 1801இல் பினாங்கில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அம்மக்களின் உழைப்பால் எழுந்தவை. கப்பலிலிருந்து இறங்கும் புதியவர் ஒருவருக்குத் தொழுகைக்குரிய இடமும் ஊர்ப் பேச்சைக் கேட்கும் இடமும் அங்கே ஒன்றாக இருந்தன. பிற்காலத்தில் கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களைச் சேர்ந்தோர் சிங்கப்பூரில் தத்தம் ஊர்ப் பெயரால் சங்கங்களையும் அமைத்துக்கொண்டனர்.

தாயகத்தில் இப்பணியைச் செய்தது மஹல்லா ஜமாஅத். வெளியூரில் நிக்காஹ் நடக்க வேண்டுமாயின் மணமகனின் ஜமாஅத்திலிருந்து கடிதம் வர வேண்டும். அதன் பிறகே நிக்காஹ் தஃப்தரில் பெயர் எழுதப்படும். மகளின் திருமணத்திற்கோ சிகிச்சைக்கோ உதவி தேடி வெள்ளிக்கிழமையன்று வேற்றூர்ப் பள்ளிவாசலுக்கு வருபவரும் தம் ஜமாஅத்தின் கடிதத்தைக் கொண்டு வருவார். நிர்வாகிகள் அக்கடிதத்திலுள்ள முத்திரையைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார்கள். முத்தவல்லிக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்த பின்னரே ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்வார்கள். கடிதத்தாளை எவரும் அச்சடித்துவிடலாம் என்பதும், அதில் எழுதப்பட்டவருக்காகப் பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் அந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அறிமுகத்தால் வாழும் ஊர்

இனி நாம் தொடங்கிய கோடம்பாக்கத்திற்குத் திரும்புவோம். ஆற்காட்டு நவாபின் குதிரைகள் பராமரிக்கப்பட்ட தோட்டம் இங்கிருந்ததாகவும், குதிரைத் தோட்டம் என்று பொருள்படும் கோடா பாக் என்னும் உருதுச் சொல்லே கோடம்பாக்கம் ஆயிற்று என்றும் சொல்வதுண்டு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் நகரத்தோடு இப்பகுதி நெருங்கியது. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டிப் படப்பிடிப்பு நிலையங்கள் இங்கும் வடபழனியிலும் பெருகின. தமிழ்த் திரையுலகத்திற்கே கோடம்பாக்கம் என்று பெயராயிற்று.

திரைத்துறை பற்றிய மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று. ஆயினும் அறிமுகம் என்பதன் மதிப்பை இவ்வூரைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது. புகைப்பட ஆல்பத்தைக் கையில் ஏந்தி நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கியோர் எத்தனையோ பேர். ஆல்பத்தில் முகமும் முகவரியும் இருந்தன. அழைப்பு வந்ததோ, உள்ளே இருந்த ஒருவர் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தவர்களுக்கு.

நம் சமுதாயத்தைச் சேர்ந்த கவிஞர் கா. மு. ஷெரீப் அவர்கள் இதற்கு நல்ல சான்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தோடு தொடர்புடையவராக இருந்த அவர், இளம் எழுத்தாளராக இருந்த மு. கருணாநிதியை அதன் அதிபர் டி. ஆர். சுந்தரத்திடம் அறிமுகம் செய்துவைத்தார். கருணாநிதி உரையாடல் எழுதிய மந்திரிகுமாரி 1950இல் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்தவரின் வாழ்வில், ஒரு முஸ்லிம் கவிஞரின் பரிந்துரைக்கு இவ்வாறு இடமிருந்தது. இவரை நான் அறிவேன் என்று சொல்லும் ஒருவர் தம் பெயரின் மதிப்பையே மற்றவருக்காக ஈடு வைக்கிறார். அந்த ஈட்டை ஏற்கும் சில்லு எதுவும் இன்னும் செய்யப்படவில்லை.

சில்லுக்குள் இருப்பது என்ன?

க்யூஆர் குறியீடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்பவரின் குழுவால் உருவாக்கப்பட்டது. கார் உதிரிப் பாகங்களைத் தொழிற்சாலைக்குள் கணக்கு வைக்கவே அது தேவைப்பட்டது. மூன்று மூலைகளிலுள்ள சதுரங்களால் எந்தக் கோணத்திலிருந்தும் அதைப் படிக்க முடிகிறது. உரிய வகையில் அச்சிட்டால் முப்பது விழுக்காடு வரை சிதைந்தாலும் செய்தியை மீட்டெடுக்கலாம். காப்புரிமை பெற்றிருந்தும் அந்நிறுவனம் உரிமைத் தொகை கேட்காமல் பொதுப் பயன்பாட்டிற்கு விட்டதே அது உலகெங்கும் பரவக் காரணம்.

தொடர்பு விவரங்களைக் கருவி விட்டுக் கருவி அனுப்பும் முயற்சியும் அதே பத்தாண்டில் தொடங்கியது. பெயரும் எண்ணும் எந்த வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பதற்கு விகார்டு என்னும் பொது வடிவம் வந்தது. 1998இல் வெளிவந்த பாம் 3 என்னும் கையடக்கக் கருவி, அகச்சிவப்புக் கதிரால் எதிரிலுள்ள கருவிக்கு முகவரியை அனுப்பியது. என்எஃப்சி தொழில்நுட்பத்தைச் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் 2002இல் இணைந்து உருவாக்கின. அதன் எல்லை சில சென்டிமீட்டர்தான்.

முஹத்திஸ்களின் தராசில் இவற்றை வைத்துப் பார்ப்போம். என்எஃப்சி அட்டை வேலை செய்ய இருவரும் அருகருகே நிற்க வேண்டும்; உடையவரே தம் கையால் தர வேண்டும். முனாவலாவின் சாயல் அதில் இருக்கிறது. க்யூஆர் குறியீடு அப்படியன்று. மேடையில் நிற்பவரின் அட்டையைத் தூரத்திலிருந்தும் படம் பிடிக்கலாம். அப்படம் குழுவுக்குக் குழு அனுப்பப்பட்டு, அவரைக் கண்டிராத நூறு பேரிடம் சென்று சேரலாம். அது விஜாதா. கண்டெடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, அவரிடமே பெற்றதைப் போல உரிமையோடு அழைப்பது முறையன்று.

மற்றொன்றும் தெரிந்துகொள்ளத்தக்கது. இவ்வட்டைகள் பலவற்றில் எண் நேரடியாகப் பதியப்படுவதில்லை. ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்திற்குச் செல்லும் முகவரி மட்டுமே இருக்கும். யார், எப்போது, எத்தனை முறை திறந்தார் என்பதை இடையிலுள்ள அந்நிறுவனத்தால் பதிவு செய்ய இயலும். கைகுலுக்கிய இருவருக்கு நடுவே காணாத மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். மேலும், கடைகளில் ஒட்டப்பட்ட பணம் செலுத்தும் க்யூஆர் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டி வசூலைத் திருப்பிக்கொண்ட மோசடிகள் நம் நாட்டில் பல இடங்களில் பிடிபட்டுள்ளன. கணையாழியின் வாசகத்தை மற்றவர் பொறிக்கலாகாது என்ற தடையின் நியாயம் இங்கே விளங்கும்.

நாம் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் எழுதுவது இளைஞர்களைத் தடுப்பதற்காக அன்று. இராமநாதபுரத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலை தேடிச் சென்னைக்கு வரும் ஒரு பிள்ளைக்கு, நூறு பேர் கூடிய மண்டபத்தில் கிடைக்கும் ஓர் எண் வாழ்வையே மாற்றலாம். அந்த எண்ணோடு அறிமுகமும் சேர்ந்து கிடைக்கும்படி செய்வது கூட்டத்தை நடத்துபவர்களின் கடமை.

புதிதாக வருபவரை மூத்தவர் ஒருவரோடு இணைத்துவிடலாம். மதீனாவில் நடந்தது அதுவே. அந்த மூத்தவர் தமக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் அழைத்துச் சென்று, இவர் இன்ன ஊர், இன்னாருடைய மகன், இன்ன தொழில் தெரிந்தவர் என்று சொல்லிவைக்கட்டும். அட்டையைத் தொடுவது அதன்பின் நடக்கட்டும். அட்டையில் தொழிலுக்குத் தேவையான விவரம் மட்டும் இருக்கட்டும். வீட்டு முகவரியும் பிள்ளைகளின் படங்களும் அதில் வேண்டியதில்லை. பணம், பங்குத்தொகை, வெளிநாட்டு வேலை என்று பேச்சு எழுந்தால், உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளும் கேட்கப்படட்டும்.

பெண்களின் எண்கள் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமணத் தகவலுக்காகத் தரப்பட்ட பயோடேட்டாவும் புகைப்படமும் எண்ணும் வாட்ஸ்அப் குழுக்களில் யார் யாரிடமோ சுற்றுவதை நாம் காண்கிறோம். திருமணம் முடிந்து குழந்தை பிறந்த பின்னும் அந்த எண்ணுக்கு அழைப்பு வருவதாகப் பெற்றோர் வருந்துகின்றனர். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையும்படி அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி காட்டும் ஒழுங்கு. கைப்பேசி இன்று வீட்டின் இன்னொரு வாசல். ஒருவரின் எண்ணை மற்றவருக்குத் தருமுன் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அந்த ஒழுங்கைச் சேர்ந்தது.

நாட்டின் சட்டமும் இத்திசையில் வந்திருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு மாதம் தீர்ப்பளித்தது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை அவர் ஒப்புதலோடும் சொல்லப்பட்ட நோக்கத்திற்காகவும் பயன்படுத்துவதை அடிப்படையாகக் கொண்டது. சட்டம் வருமுன்பே அமானிதம் என்னும் சொல்லால் நமக்கு இது கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூட்டத்திற்காகத் திரட்டிய எண்களை, அக்கூட்டத்தின் நோக்கம் நிறைவேறிய பின் வேறு வணிக விளம்பரத்திற்குக் கொடுப்பது அமானித மோசடியே ஆகும்.

ஸ்மார்ட் கைப்பேசி இல்லாத முதியவர்களையும் மறக்கலாகாது. வாசலில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்து, அவர்கள் பெயரை எழுதிக்கொள்ள ஒரு பிள்ளையை அமர்த்துவது பெரிய செலவன்று. யார் யாருக்கு உறவு, எவர் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்களே. இளைஞர்களின் அட்டையில் குறைவாக உள்ள அந்த அறிவு அவர்களிடம் இருக்கிறது. அவர்களை மேடைக்கு அருகே அமர்த்திப் புதியவர்களை அவர்களிடம் அழைத்துச் சென்றால், இரு தலைமுறைக்கும் நன்மை.

கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், அன்று பெற்ற எண்களில் ஒன்றிரண்டுக்காவது ஸலாம் சொல்லி, இன்ன இடத்தில் இன்னார் மூலம் சந்தித்தோம் என்று எழுதி அனுப்புவோம். யார் மூலம் என்னும் அந்தச் சொல்தான் நம்முடைய இஸ்னாது. அது தெளிவாக இருந்தால் நாளை ஓர் உதவி கேட்கவும் செய்யவும் தயக்கம் இராது.

ஒருவரையொருவர் அறிந்து, அறிந்தவற்றை அமானிதமாகக் காத்து, புதியவருக்குக் கடைவீதியின் வழியைக் காட்டும் சமுதாயமாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.